உலைக்குப் போன சம்புடம்

அப்பாவுக்குக் கேள்வி கேட்காமல் எதையும் வாங்கவும் தெரியாது, விற்கவும் தெரியாது. தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தணிக்கைப் பிரிவில் இருந்தார். அலுவலகத்துப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. கொத்தமல்லிக் கட்டில் இன்றைக்கு ஏன் இத்தனை வேர் என்று காய்கறிக்காரரைக் கேட்பார். பஸ் ஏன் தாமதம் என்று கண்டக்டரைக் கேட்பார். அவர் ஒரு காரணம் சொன்னால் அந்தக் காரணத்தின் மேல் இன்னொரு கேள்வி வரும். கோல் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் பழைய சாமான் வாங்க வரும் கபாடிவாலா, எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் ரிக்‌ஷாவைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், தீபாவளி நெருங்க நெருங்க அம்மா சிரிப்பதை விட்டிருந்தாள். தை மாதம் திருநெல்வேலியில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பா வீட்டில் அம்மாவுக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலியை அம்மா அந்தக் கல்யாணத்தில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வீட்டு ஜனங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பவர்கள். சங்கிலியை அம்மா கழுத்தில் பார்த்து எனக்கே ரொம்ப நாளாகியிருந்தது. பஸ்ஸில் அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கழற்றி வைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். தில்லியில் அப்படிக் கழற்றி வைக்காத பெண்கள் குறைவு.

"சங்கிலிய எடுத்துக் குடு, பாலிஷ் போடக் குடுக்கணும்லா?" என்று அப்பா சாயங்காலம் வந்ததும் கேட்பார்.

"எடுக்கேன், எடுக்கேன். பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்க வச்சிருக்க?"

"பத்திரமான எடத்துலதான்."

மறுநாள் சாயங்காலமும் இதே பேச்சு. கேட்கிற அப்பாவுக்கு அலுக்கவில்லை. பதில் சொல்லும் அம்மாவின் குரல்தான் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு கரோல் பாக் போயிருந்தாள், எனக்குத் தீபாவளித் துணி எடுக்க. கடையில் பார்ப்பதையெல்லாம் கேட்பேன் என்று என்னைக் கூட்டிப்போகவில்லை. அப்பாவுக்கு விடுமுறை. பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். நசுங்கிய தட்டுகள், பிடி உடைந்த குக்கர், அடி விட்டுப்போன தூக்குவாளி என்று ஒவ்வொன்றாக இறக்கினார். நான் வாங்கி வாங்கிக் கீழே வைத்தேன். அதில் ஒன்று, மூடி போட்ட எவர்சில்வர் சம்புடம். பெரிய லட்டு டப்பா அளவு இருக்கும். ஒரு பக்கம் நசுங்கி, மூடி இறுகிப்போயிருந்தது. அப்பா ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தார். தரையில் தட்டிப் பார்த்தார். கடைசியில் காதோரம் வைத்து ஆட்டினார். சத்தம் ஒன்றும் இல்லை. "காலி டப்பா" என்று குவியலில் போட்டார்.

கபாடிவாலா அன்று தப்பிக்க முடியவில்லை. அப்பா பால்கனியிலிருந்தே கூப்பிட்டுவிட்டார். தராசைப் பற்றியும் எடைக்கல்லைப் பற்றியும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டிக் கொடுத்தார். பரண் காலியானதில் அவருக்குப் பெருமை.

மத்தியானம் அம்மா வந்தாள். துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள், பரணைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னாங்க, அங்க இருந்ததெல்லாம் எங்க?"

"கபாடிக்காரன்கிட்ட போட்டுட்டேன். ஓட்டை உடைசல்தான?"

"மூடி போட்ட சம்புடம் ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவுந்தான்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணிப்பையைப் பிரிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தபோது, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "அதுலதாங்க சங்கிலி இருந்துச்சு."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஆட்டிப் பார்த்தேனே? சத்தமே வரலியே?"

"மஞ்சத் துணியில சுத்தி அடச்சு வச்சிருந்தேன். எப்படிச் சத்தம் வரும்?"

அப்பா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "கெளம்பு. இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான்."

"இருங்க. இனிமே எங்க போய்த் தேடுவீங்க? போனது போனதுதான். விடுங்க."

அம்மா இத்தனை சீக்கிரம் கைவிட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஸ்பூன் காணாமல் போனாலே வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறவள் அவள். அப்பா அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தனியாக விட முடியாது என்று என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

பஞ்சகுயியாம் ரோட்டுக்குப் பின்னால், கபாடிவாலா சரக்கு போடும் கிடங்கில் அவரையே பிடித்துவிட்டோம். டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, எடையில் தப்பு இல்லை சாப் என்று தானாகவே ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். தீபாவளிச் சமயம், பழைய எவர்சில்வர் மலைபோல வருகிறது. இப்போதுதான் டெம்போ ஏற்றி வசீர்பூருக்கு அனுப்பினார்கள், அங்கே உருக்கும் பட்டறைக்கு. நேரே பட்டிக்குள் போய்விடும் என்றார். பட்டி என்றால் உலை. பட்டறை இருக்கும் சந்துக்கு வழியை மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "ஜல்தி ஜாயியே, சீக்கிரம் போங்க" என்று ஓடிப்போய் எங்களுக்காக ஆட்டோவையும் நிறுத்தினார்.

மீட்டரைப் பார்க்காமல் அப்பா ஆட்டோவில் ஏறியது அன்றுதான். வழியெல்லாம் முன்னால் குனிந்து சாலையில் போகும் ஒவ்வொரு டெம்போவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து வலித்தது; எடு என்று சொல்லத் தோன்றவில்லை. கண்ணை மூடி "காந்திமதித் தாயே, காந்திமதித் தாயே" என்று முணுமுணுத்தாள். நானும் வேண்டிக்கொண்டேன், சம்புடம் கிடைத்துவிட வேண்டும் என்று. இரண்டு பேரும் சாமியிடம் ஒன்றையேதான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. சந்தில் நுழையும்போதே ஒரு ரீங்காரம் கேட்டது. உள்ளே போனதும் அது பல்லிலேயே அதிர்ந்தது. கண்ணெதிரே பாத்திரங்களின் குவியல், என் தலைக்கு மேல் உயரம். டம்ளர், தட்டு, டிபன் கேரியர், குழந்தைக்குப் பாலூட்டும் சங்குகூட இருந்தது. தில்லியின் சமையலறைகளை எல்லாம் யாரோ கவிழ்த்துக் கொட்டியதுபோல இருந்தது. அந்தக் கோடியில் ஒரு மேடை. மேடையின் நடுவில் பெரிய அண்டா வாய் அளவுக்கு ஒரு குழி. அதுதான் உலை; மின்சாரத்தில் எரிவது. நெருப்பைக் காணோம். குழிக்குள் இருந்து வந்த வெளிச்சம் மட்டும் எதிர்ச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் துணி சுற்றி நீலக் கண்ணாடி போட்ட ஒருவர் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு கொஞ்ச நேரம் மேலே மிதந்தது, சிவந்தது, அப்பளம் எண்ணெயில் மடங்குவதுபோல மடங்கியது, அப்புறம் இல்லை.

பட்டறைக்காரர் பனியன் போட்ட பெரிய உடம்புக்காரர். அப்பா தன் கேள்விகளை ஆரம்பித்தார். டெம்போ எப்போது வந்தது? சரக்கு எங்கே கொட்டப்பட்டது? எவ்வளவு உள்ளே போயிருக்கும்? அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். டெம்போ வந்துவிட்டது. இந்தக் குவியலின் மேல்பக்கம் அந்தச் சரக்குதான். இதே சரக்கிலிருந்து கொஞ்சம் போயும் இருக்கலாம். உலையை நிறுத்த முடியுமா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் சிரித்துவிட்டார்.

"உருகின இரும்பு உட்கார்ந்து காத்திருக்காது பாபுஜி. ஆறினா என் உலையே போச்சு. நீங்க இந்தப் பக்கம் தேடுங்க. என் ஆளுங்க அந்தப் பக்கம் எடுத்துப் போட்டுக்கிட்டே இருப்பாங்க."

அப்படித்தான் தேடினோம். எங்கள் கை போகும் வேகத்தைவிட உலைக்காரர்களின் கை வேகம் அதிகம். நான் ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்ப்பதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு கூடை போய்விடும். ஒருமுறை மூடி போட்ட ஒன்று மேடைக்குப் போவதைப் பார்த்து "அப்பா!" என்று அலறினேன். ஓடிப் பார்த்தால் பால் கேன். எனக்கு அழுகை வந்தது. தட்டின் விளிம்பு கீறி விரலில் ரத்தம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் உலையைச் சாய்த்து வாளியில் பிடித்தார்கள். வெள்ளையாக, பார்க்க முடியாத வெளிச்சமாக அது விழுந்தது. ஓடி ஓடி மணல் அச்சுகளில் ஊற்றினார்கள். பூவாணம்போலப் பொறி பறந்தது. தண்ணீர் பம்புக்குச் சக்கரம் வார்க்கிறார்களாம். அதில் எங்கள் சங்கிலி கலந்திருக்குமோ என்று இன்னும் வேகமாகப் பாத்திரங்களைப் புரட்டினேன்.

அம்மா தேடவில்லை. குவியலின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கயிற்றில் கட்டிய காந்தத்தை ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் காட்டி, ஒட்டுவதை ஒரு பக்கமும் ஒட்டாததை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் போய் நின்றாள். கைகள் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தன. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அம்மா தலையாட்டினாள், காது அதில் இல்லை.

நேரம் போகப் போகப் பட்டறைக்காரருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. மூடியிருக்கும் எந்த டப்பாவையும் உடைத்துத் திறந்து பார்க்காமல் உலையில் போட மாட்டார்கள். உள்ளே ஈரமோ காற்றோ இருந்தால் வெடித்து, உருகினது ஆள் மேலேயே தெறித்துவிடும். அப்படியானால் சங்கிலி இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும். பட்டிருந்தால் எங்கே? அவர் நேராகக் காந்தம் வைத்திருந்த பெண்ணிடம் போனார்.

"முதல்ல உன் கைக்குத்தான் எல்லாம் வருது. எடுத்தியா?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள். "மாலிக், பிள்ளைங்க மேல சத்தியம்" என்றாள் முதலாளியைப் பார்த்து. அவர் குரல் உயர்ந்தது. வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரும் சொல்லாமலே தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினாள். ஒரு சாவியும் கொஞ்சம் புகையிலையும் தரையில் விழுந்தன.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நஹீ, பாய் சாப். இவங்க எடுக்கல" என்றாள். வெளி ஆண்களிடம் அம்மா இந்தியில் பேசி நான் கேட்டதேயில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"தெரியும்" என்றாள் அம்மா. அது போதவில்லை. போலீஸ் வந்தால் தெரிந்துவிடும் என்றார் அவர். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

இந்தச் சத்தம் நடக்கும்போது அப்பாவும் நானும் மேடைக்குக் கீழே இருந்தோம். மூடி இறுகிய டப்பாக்களை உடைப்பதற்காகத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள் என்று உலைக்காரர் சொல்லியிருந்தார். அந்தச் சின்னக் குவியலில் எங்கள் சம்புடம் இருந்தது. அதே நசுங்கல். அடியில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து. தமிழ் எனக்குப் பேசத்தான் வரும். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. மூடி இன்னும் இறுகியே இருந்தது.

"இதுதான்ப்பா! இதேதான்!" என்று குதித்தேன்.

அப்பா அதை உலைக்காரரிடம் நீட்டினார். அவர் உளியை வைத்து ஒரு போடு போட்டார். மூடி எகிறி விழுந்தது. அப்பா உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் காய்ந்து கருத்துப்போன புளி கொஞ்சம் அப்பியிருந்தது. மஞ்சள் துணி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலையைத் திருப்பி, கொட்டகையின் அந்தக் கோடியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தப் பெண்ணின் கையை விடுவித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கியிருந்தாள். குவியலைச் சுற்றி வர வேண்டியிருந்ததால் அப்பா கையில் இருந்ததை அவள் பார்த்திருக்க முடியாது.

"இது நம்மளுது இல்ல" என்றார் அப்பா.

"பேரு எழுதியிருக்கேப்பா, தமிழ்ல!"

"வேற யாரு பேரோ. தில்லியில தமிழ்க்காரங்களுக்கா பஞ்சம்? உள்ள துணி இருக்கா, பாரு. இல்லல்லா? அப்ப நம்மளுது இல்ல."

அது எனக்குச் சரியாகவே பட்டது. எங்களுடையதில் சங்கிலி இருந்தது, இதில் இல்லை, ஆகவே இது எங்களுடையது இல்லை. அப்பா சம்புடத்தை உலைக்காரரிடம் கொடுத்து, போடுங்கள் என்று சைகை காட்டினார். அவர் அதைக் காலடியில் வைத்து மிதித்து நசுக்கி உள்ளே விட்டார்.

அம்மா வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "என்னாங்க, நான் ஒண்ணு சொல்லணும். எல்லாரு முன்னாலயும் சொல்லிருதேன். அந்தச் சங்கிலி..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அப்பா. அதட்டலாக இல்லை, அவசரமாகச் சொன்னார். "நம்ம சம்புடம் இங்க வரவேயில்ல. காலையில நான் ரெண்டு பேருகிட்ட சாமான் போட்டேன். அது மத்தவன்கிட்ட போயிருக்கும். எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது."

ரெண்டு பேரா? ஒரே ஒரு கபாடிவாலாதான் வந்தார். நான் சொல்லப் போனேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது.

பிறகு அவர் பட்டறைக்காரரிடம் போய்க் கையைக் குவித்தார். தப்பு தன்னுடையது, சங்கிலி இந்தப் பக்கமே வரவில்லை, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். படித்தவருக்கு இது கூடத் தெரியாதா, பாதி நாள் வேலை கெட்டது என்று பட்டறைக்காரர் திட்டினார். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டுக் காந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கிளம்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். "போனா போகுது. நாந்தான் தொலைச்சேன், நீ ஏன் அழுத?" என்றார் அப்பா. அதைக் கேட்டு இன்னும் அழுதாள். அந்த இன்னொரு கபாடிக்காரரைத் தேடிப் போகலாமே என்று நான் சொன்னேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சங்கிலியைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அம்மாவின் தங்கை அவள். தானாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டதில் அப்பா வீட்டார் அவள் பெயரையே எடுக்க மாட்டார்கள். அந்த மனுஷன் விட்டுவிட்டுப் போன பிறகு நர்சிங் படித்துத் தலைமை நர்ஸ் ஆனவள். "உங்கம்மா சங்கிலியிலதாம்ட்டி நான் படிச்சேன்" என்றாள். நாங்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கழற்றிக் கொடுத்தாளாம், அந்தத் தீபாவளிக்கு முந்தின வருஷம். "உங்கப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்கம்மா எப்படியோ சமாளிச்சுட்டா."

எனக்கு அந்தச் சம்புடம் ஞாபகம் வந்தது. காலையில் அப்பா நெம்பியும் திறக்காத மூடி, பட்டறையில் உளி படும்வரை திறக்கவில்லை. அதைப் பார்த்த நொடியிலேயே, சங்கிலி அதில் எப்போதுமே இருந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கே போனது என்று தெரியாது. அம்மா ஏன் சொல்லவில்லை என்றும் தெரியாது. தெரியாமலே விட்டுவிட்டார். அம்மாவும் இன்றுவரை, அவர் நம்பிவிட்டார் என்றே நம்புகிறாள்.

இதெல்லாம் பிற்பாடு. அந்தத் தை மாதம் கல்யாணத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா அம்மாவின் சங்கிலியைத் தொலைத்துவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு அலைந்தார். பந்தியில் பெரியப்பா குரலை உயர்த்தினார். "தணிக்கை பண்ணுதவன்னு பேரு. பொண்டாட்டி சங்கிலிய ஓட்டப் பாத்திரத்தோட எடைக்குப் போட்டிருக்கான்!" பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அம்மா இலைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னார். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா பக்கத்திலிருந்து எழுந்து போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். கொஞ்சம்கூட ரோஷமில்லாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டு அம்மா படாத பாடு படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, என் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.